ரத்தம் திரும்பிய பிறகு கால் ஏன் வீங்கியது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. தக்காளித் தோட்டம்தான் எங்கள் பிழைப்பு. போன மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்குத் திடீரென்று வலது கால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்றார். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. பனியில் தண்ணீர் பாய்ச்சியதில் நரம்பு இழுத்துக்கொண்டது என்று நினைத்து அண்ணன் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். கால் மரத்துப்போன பிறகுதான் பயந்து, விடியற்காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தொடைக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அடைப்பு நீங்கும்போது காலை 8 மணி. பாதம் சூடானது, எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் சாயந்திரத்துக்குள் கெண்டைக்கால் கல் மாதிரி வீங்கிவிட்டது. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்துத் திறந்துவிட்டார்கள். சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. 3 தடவை டயாலிசிஸ், 2 நாள் மூச்சு வாங்கி ஆக்சிஜன். இப்போது வீட்டில் இருக்கிறார். கால் தப்பியது, ஆனால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “ரத்தம் திரும்பினதும் வெள்ளை அணுக்கள் வந்து சேதம் பண்ணிவிட்டன” என்றார் டாக்டர். ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 19,400. காப்பாற்ற வேண்டிய அணுவே கெடுக்குமா? வேலியே பயிரை மேய்ந்த கதையா? ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காதோ? வெள்ளை அணுவைக் குறைக்க முன்பே மருந்து கொடுத்திருக்கலாமோ? அண்ணன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

— பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளில் நடுவில் இருப்பதுதான் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதை முதலில் முடித்துவிடலாம். ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால் அப்பாவுக்கு இன்று அந்தக் கால் இருந்திருக்காது. தொடையின் பெரிய குழாய் அடைத்து அப்படியே கிடந்தால் தசை செத்து, கறுத்து, சில நாட்களில் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வரும். அதையும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் திரும்பியதால் ஒரு சேதம் வந்தது, உண்மைதான். திரும்பாமலே இருந்திருந்தால் வந்திருக்கும் சேதத்துக்கு முன்னால் அது சின்னது. இந்தச் சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, இனி வெள்ளை அணு விஷயம்.

உங்கள் அப்பாவுக்கு நடந்ததை நாங்கள் ‘ரீபெர்ஃபியூஷன் இஞ்சுரி’ என்போம். ரத்தம் நின்றுபோன ஓர் இடத்துக்கு அது திரும்பி வரும்போது உண்டாகும் காயம். மாரடைப்பில் ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறக்கும்போது இதயத் தசையில் இது நடக்கிறது. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும்போது மூளையில் நடக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, கிளிப்பை எடுத்து ரத்தம் பாயவிடும் நிமிடத்தில் அந்தச் சிறுநீரகத்திலும் நடக்கிறது. காலில் நடந்தால் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரவு 11 மணியிலிருந்து காலை 8 மணி வரை, அந்த 9 மணி நேரம் காலுக்குள் என்ன நடந்தது என்று பார்க்காமல் 8 மணிக்கு மேல் நடந்தது புரியாது.

ரத்தம் நின்றவுடன் தசை செத்துவிடாது. கையிருப்பை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டும். கால் தசை ஏறக்குறைய 4 முதல் 6 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மூளைக்கு இந்தச் சலுகை சில நிமிடங்கள்தான். நரம்புகள் தசையைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோகும், வலித்த கால் மரத்துப்போனது அதனால்தான். இந்த நேரத்தில் செல்லுக்குள் ஏடிபி என்ற எரிபொருள் தீர்ந்துகொண்டே வருகிறது. தீர்ந்த எரிபொருளின் சக்கையாக ஹைப்போசாந்தின் என்ற பொருள் குவிகிறது. சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியே இறைத்துக் கொட்டும் பம்புகள் கரண்ட் போன மோட்டார் மாதிரி நின்றுவிடுகின்றன. ரத்தக் குழாயின் உள்பக்கத்தில் சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி கூடுகிறது. இது அந்தச் சக்கையை எடுத்து ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும் நொதி. ஆனால் எரிக்க ஆக்சிஜன் இல்லை. ராத்திரி முழுக்க கேஸ் கசிந்து நிரம்பிய அடுப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 8 மணிக்குக் கட்டியை எடுத்தார்கள், ரத்தம் பாய்ந்தது. அடுப்படியில் யாரோ லைட் சுவிட்சைப் போட்டார்கள். வந்த ஆக்சிஜனில் ஒரு பங்கு சூப்பர்ஆக்சைடு என்ற வெறிபிடித்த வடிவமாக மாறி, பக்கத்தில் கிடைத்த கொழுப்புப் படலம், புரதம் எல்லாவற்றையும் கடிக்கிறது. இதெல்லாம் முதல் சில நிமிடங்களில் நடப்பது. வெள்ளை அணுக்கள் இன்னும் களத்துக்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் அடியை அடித்தது அந்தத் தசையும் குழாயும்தான்.

அந்த அடி ஒரு கூச்சலாக வெளியே போகிறது. அதைக் கேட்டு ஓடி வருபவைதான் வெள்ளை அணுக்கள். வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. இங்கே முக்கியமானது நியூட்ரோபில். நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இதுதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இதை உற்பத்தி செய்து அனுப்புகிறது. ரத்தத்தில் இதன் வாழ்நாள் குறைவு. வந்து, சண்டை போட்டு, செத்துப்போவதற்கென்றே பிறந்த அணு.

இது குழாயை விட்டு எப்படி வெளியே வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் சேதத்தின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

ரத்தக் குழாயின் உள்சுவர் ஒரே ஒரு செல் தடிமன் உள்ள வழவழப்பான விரிப்பு. நல்ல நிலையில் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துகொண்டே இருக்கும். குழாய் தளர்ந்திருக்கவும், எதுவும் ஒட்டாமல் இருக்கவும் அதுதான் காரணம். ரத்தம் நின்று திரும்பியதும் அந்தச் சுரப்பு விழுந்துவிடுகிறது. அதோடு அந்தச் சுவரின் செல்கள் தமக்குள் பொட்டலம் கட்டி வைத்திருந்த பி-செலெக்டின் என்ற கொக்கிப் புரதத்தைச் சில நிமிடங்களில் மேலே கொண்டுவந்து விரித்துவிடுகின்றன. காய்ந்த கொல்லையில் நடந்தால் வேட்டியில் ஒட்டுப்புல் ஒட்டுமே, அதே மாதிரி. வேகமாகப் போய்க்கொண்டிருந்த நியூட்ரோபில் ஒட்டுகிறது, பிய்த்துக்கொள்கிறது, மறுபடி ஒட்டுகிறது. சுவரோரமாக உருண்டு உருண்டு வேகம் குறைகிறது. அப்புறம் அதன் மேல்தோலில் இருக்கும் சிடி18 என்ற பிடிப்புப் புரதம் விறைத்துக்கொண்டு சுவரைக் கெட்டியாகப் பிடிக்கிறது. நின்றவுடன் உடம்பைத் தட்டையாக்கி, இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் நுழைந்து தசைக்குள் போய்விடுகிறது.

இந்த சிடி18 பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்கள் ரத்தத்தில் வெள்ளை அணு ஏராளமாக இருக்கும், ஆனால் புண்ணுக்கு ஓர் அணு கூடப் போய்ச் சேராது. தொப்புள்கொடி வாரக்கணக்கில் விழாமல் நிற்கும், புண்ணில் சீழே பிடிக்காது, தொற்று மேல் தொற்றாக வரும். அந்தப் பிடிப்பு இல்லாமல் நாம் வாழ முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உள்ளே நுழைந்த நியூட்ரோபில் கையோடு கொண்டுவந்த ஆயுதங்களை எடுக்கிறது. அது சொந்தமாக சூப்பர்ஆக்சைடு தயாரிக்கும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. அதையும் நம் உடம்பின் உப்பில் இருக்கும் குளோரைடையும் சேர்த்து மயலோபெராக்சிடேஸ் என்ற நொதியால் ஹைப்போகுளோரஸ் அமிலம் காய்ச்சும். பெயர் பெரிதாக இருந்தாலும் சரக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைக்கும்போது கிருமியைக் கொல்வது இதே அமிலம்தான். அந்த நொதிக்குப் பச்சை நிறம். சீழும் சளியும் பச்சையாகத் தெரிவதற்குக் காரணமும் அதுதான். இது போக, எலாஸ்டேஸ், கொலாஜினேஸ் என்று தசையைச் சுற்றியிருக்கும் நார்களை அறுக்கும் நொதிகள் வேறு. போதாக்குறைக்குத் தன் டிஎன்ஏவையே வலை மாதிரி வெளியே வீசும். இந்த வலையை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். கிருமி மாட்டும்தான், ஆனால் சின்னக் குழாய்களில் ரத்தம் உறையவும் அதே வலை காரணமாகிறது.

கிருமி இருக்கும் இடத்தில் இதெல்லாம் பொருத்தம். அப்பாவின் கெண்டைக்காலில் கிருமி இல்லை. பின்னே ஏன் இந்த ஆவேசம்?

இரண்டு காரணம். ஒன்று, நியூட்ரோபில் கிருமிக்கு மட்டும் வருவதில்லை, காயத்துக்கே வரும். 1882இல் இத்தாலியின் மெசினா நகரத்தில் மெச்னிக்காஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. குத்தியது முள். அது போதும் அவற்றுக்கு. இந்த வழியில் தொடர்ந்து போனவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்றைக்கும் வியப்பு தருவது. நம் செல்களுக்குள் எரிபொருள் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னால் தனியாகத் திரிந்த ஒரு பாக்டீரியா. நம் மூதாதைச் செல் ஒன்றுக்குள் குடிவந்து அங்கேயே தங்கிவிட்டது. அதன் டிஎன்ஏவும் சில புரதங்களும் இன்னும் பழைய சாடையோடுதான் இருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் வெடித்த தசைச் செல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் கசியும்போது, நியூட்ரோபில் அதைப் பார்த்து பாக்டீரியா என்றே முடிவு கட்டுகிறது. அதன் கணக்கில் தப்பே இல்லை.

அதனால் உங்கள் ‘வேலியே பயிரை மேய்ந்த’ உவமை எனக்கு முழுதாக ஒட்டவில்லை. உங்கள் பக்கத்தில் யானை வருகிற கிராமங்கள் உண்டே. நடுராத்திரியில் கொல்லையில் ஏதோ முறிகிற சத்தம். யானை என்று ஒருவர் குரல் கொடுத்தால் ஊரே டார்ச்சும் தீப்பந்தமும் பட்டாசுமாக ஓடும். விடிந்து பார்த்தால் யானை வந்த தடமே இருக்காது. பரண் சாய்ந்த சத்தம் அது. ஆனால் கேழ்வரகுக் கொல்லை முழுக்க மிதிபட்டுக் கிடக்கும், எல்லாம் நம் ஆட்களின் கால் தடம். ஓடி வந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா? அதே ஆட்கள்தான் நிஜமாக யானை வரும் ராத்திரியில் உங்கள் கொல்லையைக் காப்பாற்றுகிறார்கள்.

அடுத்து வீக்கம். அப்பாவிடம் கேட்டால் அவரே எனக்குச் சொல்லித்தருவார் என்று நினைக்கிறேன், தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டிருந்தால். பைப்பைக் கொஞ்ச நாள் சும்மா போட்டுவிட்டு மறுபடி மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? மெயின் பைப்பில் தண்ணீர் ஓடும், பக்கக் குழாயிலும் வரும், ஆனால் பாதிச் செடிக்கு டிரிப்பரில் சொட்டாது. உப்பும் பாசியும் அடைத்திருக்கும். ரத்தத்திலும் இதே நிலை உண்டு. தொடையின் பெரிய குழாயைத் திறந்துவிட்டாலும், தசைக்குள் இருக்கும் தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்கள் திறந்திருக்க வேண்டுமே? தந்துகியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சிவப்பு அணு துணி மாதிரி மடங்கி அதற்குள் போய்விடும். நியூட்ரோபில் அத்தனை எளிதில் மடங்காது, அதிலும் சூடேறிய நியூட்ரோபில் விறைத்துப்போயிருக்கும். சுவரிலும் ஒட்டிக்கொண்டால், ஒன்று நின்ற இடத்தில் அந்தத் தந்துகியே அடைபட்டது. பெரிய குழாய் திறந்தும் தசைக்கு ரத்தம் சேராத இந்த நிலையை 1974இலேயே நாய்களின் இதயத்தில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். பாதம் சூடாகி, கணுக்காலில் நாடி துடித்த பிறகும் கெண்டைக்காலின் உள்ளே சில திட்டுகள் பட்டினியாகவே இருந்திருக்கும்.

அடைபடாத தந்துகிகள் வேறு விதமாகச் சதி செய்தன. நியூட்ரோபில்கள் நுழைந்த இடுக்குகள் வழியாகவும், நொதிகள் அரித்த இடங்கள் வழியாகவும் ரத்தத்தின் நீர் தசைக்குள் கசிந்தது. தோல் மட்டும் இருந்தால் தசை வீங்கிக்கொண்டு போகும், பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் கெண்டைக்காலின் தசைகள் 4 அறைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இழுபடாத கெட்டியான உறைக்குள் இருக்கின்றன. சாக்குக்குள் ஊறிய பயறு மாதிரி உள்ளேயே இறுகும். அறைக்குள் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டும்போது தந்துகிகள் நசுங்க ஆரம்பிக்கின்றன. காலையில் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த ரத்தம் சாயந்திரம் மறுபடி நின்றுபோகும். உறையைக் கிழித்துத் திறந்துவிடுவதைத் தவிர இதற்கு வழியே இல்லை. ஃபாசியாட்டமி என்று பெயர். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், சொந்தக்காரர்கள் எங்களைக் கசாப்புக்கடைக்காரர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். உங்கள் டாக்டர் சாயந்திரமே அதைச் செய்திருக்கிறார். கால் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

2 நாள் மூச்சு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். காலிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். சூடேறிய நியூட்ரோபில்களுக்கு அடுத்த சல்லடை அங்கேதான். கொஞ்சம் அங்கே சிக்கி, கொஞ்சம் நீர் கசியவிட்டிருக்கும். 2 நாளில் சரியானது அதிர்ஷ்டம்தான், சிலருக்கு வென்டிலேட்டர் வரை போகும்.

ஆனால் எல்லாப் பழியையும் நியூட்ரோபில் தலையில் போடுவதும் நியாயமில்லை. கருப்பட்டிக் காப்பி நிறச் சிறுநீர் அதன் வேலை அல்ல. செத்த தசையிலிருந்து கரைந்த மயோகுளோபின் என்ற நிறப்பொருள் அது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்ததால்தான் டயாலிசிஸ். அதே தசையிலிருந்து பொட்டாசியமும் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டும், இதயம் நின்றுபோகும் அளவுக்கு. 1941இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்கு அடியில் மணிக்கணக்கில் கால் நசுங்கிக் கிடந்தவர்களை வெளியே எடுத்த பிறகு, அவர்களுக்குச் சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலிழந்ததை அங்கிருந்த மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். உங்கள் அப்பாவின் கதையின் அந்தப் பகுதி அதேதான். தாமதத்தால் செத்த தசை இவ்வளவு, வெள்ளை அணு கெடுத்த தசை இவ்வளவு என்று பிரித்துக் காட்ட எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஆனால் தாமதம் கூடக் கூட இரண்டுமே கூடும்.

19,400 என்ற எண்ணைப் பற்றி: பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால், குழாய்ச் சுவரோரம் ஒதுங்கியிருந்தவையும் மஜ்ஜையில் தயாராக இருந்தவையும் ஓட்டத்தில் வந்து சேரும், எண்ணிக்கை எகிறும். சேதம் செய்தவை காலுக்குள் போய்விட்டன. ஊசியில் எடுத்த ரத்தத்தில் எண்ணியது வெளியே நின்றவற்றைத்தான். அந்த எண்ணைப் பார்த்துக் காலின் சேதத்தை அளக்க முடியாது. இப்போது அது இறங்கியிருக்கும், எப்படியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முன்பே மருந்து கொடுத்திருக்கலாமோ என்ற கேள்வி நல்ல கேள்வி. உங்களுக்கு முன்னால் உலகமே அதைக் கேட்டிருக்கிறது. 1983இல் அமெரிக்காவில் நாய்களின் இதயக் குழாயை அடைத்துத் திறந்து பார்த்தார்கள். நியூட்ரோபில்களை முன்கூட்டியே குறைத்துவைத்த நாய்களுக்கு இதயச் சேதம் கணிசமாகக் குறைந்தது. அவ்வளவுதான், மருந்து கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். சிடி18இன் பிடியைத் தடுக்கும் ஊசிகள் வந்தன. மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2001, 2002இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் இதயச் சேதம் குறையவில்லை. பக்கவாதத்தில், நியூட்ரோபில் ஒட்டும் சுவர்ப் பக்கக் கொக்கியைத் தடுக்கும் ஊசியைக் கொடுத்துப் பார்த்ததில் நோயாளிகளின் நிலைமை மோசமானதுதான் மிச்சம். ஸ்டீராய்டும் மாரடைப்பில் 1970களிலேயே முயன்று கைவிடப்பட்டது.

ஏன் நாய்க்கு ஆனது மனிதருக்கு ஆகவில்லை? பரிசோதனைக் கூடத்தில் எப்போது திறக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும், மருந்து அதற்கு முன்பே உள்ளே இருக்கும். நிஜத்தில் நோயாளி எப்போதோ அடைத்த குழாயோடு வருகிறார். கொக்கி விரிவது நிமிடக் கணக்கு. நியூட்ரோபிலை நிறுத்தினாலும் கால்சியம், சூப்பர்ஆக்சைடு, மைட்டோகாண்ட்ரியா என்று மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன. அதைவிட முக்கியம், செத்த தசையை வாரி எடுத்துப் புதிய திசு வளர இடம் ஒதுக்கும் வேலையைத் தொடங்கி வைப்பதும் இதே நியூட்ரோபில்தான், பிறகு மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் வந்து முடிக்கின்றன. இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் காலோடு, வெள்ளை அணுவையும் குறைத்துவைத்தால் கிருமி ஒரே நாளில் ஏறிவிடும். உங்கள் டாக்டர் கொடுக்காமல் விட்ட மருந்து எதுவும் இல்லை.

அண்ணனைப் பற்றி. அவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அந்த வெந்நீர் ஒத்தடம் உதவவில்லை என்பதை மறைக்க மாட்டேன். ரத்தம் இல்லாத தசையைச் சூடாக்கினால் அதன் பசி கூடும், மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. ஆனால் பனியில் நின்றுவிட்டு வந்த 61 வயது அப்பாவுக்கு ராத்திரி கால் வலித்தால் இந்த மாவட்டத்தில் பத்தில் ஒன்பது வீட்டில் அதைத்தான் செய்வார்கள்.

நானே செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில், ஒரு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. பாம்பு கடித்த பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். முட்டிக்கு மேலே கயிற்றை முறுக்கி இறுகக் கட்டியிருந்தார்கள், கட்டி 5 மணி நேரத்துக்கு மேல். கால் நீலம் பாய்ந்திருந்தது. பார்த்த வேகத்தில் கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். சில நிமிடங்களில் பிரஷர் விழுந்தது. தேங்கியிருந்த விஷம் ஒரு பக்கம், பட்டினி கிடந்த தசையின் கழிவு ஒரு பக்கம், எல்லாம் ஒரே மூச்சில் உடம்புக்குள் போயிற்று. விஷமுறிவு மருந்தும் டிரிப்பும் ஓடவிட்டு, சீனியர் டாக்டர் ஒருவர் பக்கத்தில் நின்று மெதுவாகத் தளர்த்தியிருக்க வேண்டும். படித்திருந்தேன், அந்த நேரத்தில் தோன்றவில்லை. பையன் பிழைத்தான். அன்றிரவு நானும் சாப்பிடவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள். (பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டவே கூடாது என்பதையும் ஊரில் சொல்லி வையுங்கள். கடிபட்ட காலை அசைக்காமல் கட்டை வைத்துத் தூக்கி வந்தால் போதும்.)

இனி செய்ய வேண்டியவை. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தில், கட்டி எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இப்படித் திடீரென்று காலை அடைக்கும் கட்டி பெரும்பாலும் இதயத்திலிருந்து வருவது. இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால், இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்களுக்கு இது சகஜம். ஈசிஜியும் எக்கோவும் எடுக்காமல் இருந்தால் இந்த வாரமே எடுங்கள், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஒரு வேளை கூட விடக்கூடாது. அது வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் சொன்ன தேதியில் செய்ய வேண்டும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடாமல் ஒரே அளவில் வையுங்கள். வெள்ளை அணுவைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன் என்று யாராவது கஷாயம் கொடுத்தால் வேண்டாம். இரண்டுக்கும் இப்போது அவசியமில்லை, மாத்திரையோடு மோதும்.

வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் வேண்டாம். டயாலிசிஸ் வரை போய்த் திரும்பிய சிறுநீரகம் அது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

பாதம் தூக்க முடியாததற்குக் காரணம், முன்பக்க அறையில் நசுங்கிய நரம்பும் தசையும். அடிபட்ட நரம்பு திரும்ப வளர்ந்தால் நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். அதனால் ஒரு மாதத்தில் முடிவு கட்டாதீர்கள், மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். அதுவரை பாதம் தொங்கியே கிடந்தால் குதிகாலின் பின்பக்கத் தசைநார் சுருங்கி, பிறகு நரம்பு வந்தும் பயன் இருக்காது. பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று உண்டு, ஏஎஃப்ஓ என்பார்கள், பிசியோதெரபி பிரிவில் அளவெடுத்துத் தருவார்கள். பகலில் அதைப் போட்டு நடக்கட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நீங்களோ அண்ணனோ பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மெதுவாக மடக்கிவிடுங்கள். அண்ணனே செய்யட்டும், அவருக்கும் ஒரு வேலை வேண்டும். மரத்த பாதத்தில் வெந்நீர் மட்டும் ஊற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கை, கால் எதுவானாலும் திடீரென்று வலித்து, தொட்டால் சில்லென்று வெளுத்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அந்த மணி நேரமே 108ஐக் கூப்பிடுங்கள். தினமும் ராத்திரி படுக்கும் முன் அப்பாவின் இடது பாதத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், வலது பாதத்தின் சூடு அதிலும் இருக்கிறதா என்று.